புதுப் பம்பி வாங்குமுன்

கீரிமலைக் கேணிக்குப் பம்பி வேண்டுவதில்லை. நிலத்தடியிலிருந்து ஊறும் நன்னீர் கேணியை நிரப்பிக் கடலிற் கலந்துகொண்டே இருக்கின்றது. நேற்று நீராடியவரின் அழுக்கு இன்று நீராடுவோருக்காகக் காத்திருப்பதில்லை. கல்லூரிகளிலும் விடுதிகளிலும் நாம் கட்டுகின்ற நீச்சல் தடாகங்களுக்கு இவ்வாய்ப்பு இல்லை. அங்கே நின்ற நீரே நிற்கும். அதனை இழுத்து, மணலினூடாக வடித்து, மீண்டும் தடாகத்துக்கு அனுப்பும் பம்பியும் வடிகட்டியுமே அதற்கு ஊற்றுக்கண்.

இவ்விரண்டும் மூப்படைவன. பம்பியின் தாங்கிகள் தேய்ந்து ஊளையிடும். மூட்டுகளில் நீர் கசியும். வடிகட்டித் தொட்டியிலுள்ள மணற்பருக்கைகள் கூர் மழுங்கி, அழுக்கைப் பிடிக்கும் ஆற்றலை இழக்கும். தடாகத்தின் அடியில் மணல் காணப்படுமாயின், தொட்டியினுள் இருக்கும் கிளைக்குழாய்கள் வெடித்திருத்தல் கூடும்.

மாற்றவேண்டிய காலம் வந்ததும் நிகழ்வது யாது? பழைய மாணவர் சங்கத்தாரோ ஊரன்பர் ஒருவரோ முன்வந்து, “பழையது ஐந்து குதிரைவலு, நாங்கள் பத்தாகவே தருகிறோம்” என்பர். அவர்தம் கொடையுள்ளம் போற்றற்குரியது. கணக்குத்தான் பிழை.

25 மீற்றர் நீளமும் 12.5 மீற்றர் அகலமும் சராசரி 1.5 மீற்றர் ஆழமும் உடைய தடாகம் ஏறத்தாழ 470 கனமீற்றர் நீர் கொள்ளும். ஆறு மணித்தியாலத்தில் அவ்வளவு நீர் ஒருமுறை வடிகட்டியூடாகச் செல்லவேண்டுமாயின், மணித்தியாலத்துக்கு 78 கனமீற்றர் ஓடவேண்டும். பலரும் நீராடும் தடாகங்களில், மணற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் மணித்தியாலத்துக்கு 25 முதல் 30 கனமீற்றருக்கு மேற் செலுத்தாதிருத்தல் நன்று. ஆகவே ஏறக்குறைய மூன்று சதுர மீற்றர் மணற்பரப்பு வேண்டும். இக்கணக்கில் குதிரைவலு இன்னும் தலைகாட்டவில்லை என்பதை மாணவர் கவனிப்பாராக. நீரோட்டத்தையும் குழாய்களின் தடையையும் அறிந்த பின்னரே பம்பியின் வலுவைத் தீர்மானிக்க முடியும்.

மிஞ்சிய வலு செய்யும் தீங்கு சிறிதன்று. கிறிப்ரோஸ்போரிடியம் என்னும் வயிற்றோட்டக் கிருமி, முறைப்படி குளோரீன் இட்ட நீரிலும் ஏழு நாளுக்கு மேல் உயிர்வாழ வல்லது. மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவினதாகிய அதனை, விரைந்து பாயும் நீரிலிருந்து மணற்படை பிடித்துக்கொள்ளாது. நீரை மெதுவாகச் செலுத்தி, அழுக்கைத் திரளச் செய்யும் மருந்தையும் சிறுகச் சேர்த்தாற்றான் பெரும்பகுதி பிடிபடும். யாழ்ப்பாணத்து இறைப்புக்காரருக்கு இது விளங்காததன்று. ஊற்றுக்கு மிஞ்சிய இயந்திரத்தைக் கிணற்றிற் பூட்டினால் உவர்நீர் மேலேறும் என்பதை அவர் அறிவர்.

செலவும் நோக்கத்தக்கது. அதே குழாயில் இருமடங்கு நீரைச் செலுத்துவதற்கு ஏறக்குறைய எட்டு மடங்கு வலு தேவைப்படும். இதன் மறுபக்கம் இனியது. வேகத்தை மாற்றத்தக்க பம்பிகள் இன்று கிடைக்கின்றன. வேகத்தைப் பாதியாக்கி இருமடங்கு நேரம் ஓட்டினால், சுற்றும் நீர் குறையாது. மின்சாரமோ கணக்குப்படி காற்பங்கே செலவாகும். நடைமுறையிற் சற்றுக் கூடினும் ஆதாயம் பெரிதே.

புதிய வடிகட்டி ஓடத் தொடங்கும் முதல்நாளில் அமுக்கமானி காட்டும் எண்ணைத் தொட்டியின்மேல் மையால் எழுதிவைத்தல் வேண்டும். அதனிலும் சதுர அங்குலத்துக்கு 8 முதல் 10 இறாத்தல் வரை ஏறும்போது, நீரை எதிர்முகமாகச் செலுத்தி மணலைக் கழுவுதல் முறை. குளோரீனைப் பம்பி அறையில் அடுக்கிவைக்கும் வழக்கத்தையும் விட்டொழிக்கலாம். அதன் ஆவி புதிய மோட்டரை விரைவில் அரித்துவிடும்.

பெற்றோர் அறியவேண்டியது இனி வருவது. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வேர்ஜீனியா கிறேம் பேக்கர் என்னும் ஏழு வயதுச் சிறுமி, வெந்நீர்த் தொட்டியொன்றின் அடிவாயில் உறிஞ்சுவிசையாற் பிடிபட்டு, மேலெழ இயலாது மாண்டாள். முன்னாள் அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேர்த்தி அவள். பெற்ற தாய் விடாது முயன்றதன் பயனாக, 2007இல் அச்சிறுமியின் பெயராலேயே அந்நாட்டிற் சட்டம் பிறந்தது. பொதுத் தடாகங்களின் அடிவாய்கள், ஆளை உறிஞ்சிப் பிடிக்காத மூடிகளை உடையனவாதல் வேண்டும் என்று அது விதித்தது.

பழைய மூடி பழைய பம்பிக்கென அமைந்தது. தரமான மூடி ஒவ்வொன்றிலும் அது ஏற்கத்தக்க நீரோட்டத்தின் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். புதுப் பம்பி அதனைத் தாண்டலாகாது. அடிவாய் ஒன்றேயாயின் ஆபத்து மிகும். மூன்றடிக்குக் குறையாத இடைவெளியில் இரண்டு இருப்பின், ஒன்றை உடல் மறைத்தாலும் மற்றையது நீரை இழுக்கும். ஆதலின் கொள்வனவுப் பட்டியலிற் பம்பிக்கு முன்னதாக இம்மூடிகளை எழுதுமாறு கல்லூரி அதிபர்களை வேண்டுகின்றோம். மூடி கழன்றோ வெடித்தோ காணப்படும் நாளில், பம்பியை உடனே நிறுத்திப் பிள்ளைகளைக் கரையேற்றிவிடவேண்டும்.