முடிச்சைப் பார்க்கச் சொல்லுங்கள்



நான் இருக்கும் பல்லேபொல மாத்தளை மாவட்டத்தில் உள்ளது. சிகிரியாக் குன்றும் இதே மாவட்டத்தில்தான். அங்கே படிகளும் கைப்பிடிகளும் உண்டு. சத்தம் போட்டுக் குளவிகளைக் கலைக்காமல் நிதானமாக ஏறினால் போதும். படியில்லாத பாறையில் கயிறு கட்டி ஏறுவது வேறு விடயம். அதற்குப் பெரும்பாலும் இருவர் வேண்டும். ஒருவர் ஏறுவார், மற்றவர் கீழே நின்று கயிற்றைப் பிடிப்பார். ஏறுபவர் வழுக்கினால் அவருடைய உயிர் கீழே நிற்பவரின் கையில். பாறைப் பக்கமே போகாத சகோதரிகளும் இதை வாசியுங்கள். நமக்கும் இதில் பாடம் உண்டு.

அமெரிக்காவைச் சேர்ந்த லின் ஹில், பாறை ஏறுவதில் உலகப் புகழ் பெற்ற பெண். 1989 மே மாதம் பிரான்சில் ஒரு பாறையில் ஏறினார். இடுப்புப் பட்டியில் கயிற்றைக் கோர்த்தவர், கவனம் சிதறியதால் முடிச்சை முடிக்காமலே சப்பாத்தைக் கட்டப் போய்விட்டார். மேலே சேர்ந்து, இறங்குவதற்காகக் கயிற்றில் சாய்ந்தபோது அது கழன்றது. 20 மீற்றருக்கு மேல் விழுந்தார். மரக்கிளைகள் தாங்கியதால் உயிர் தப்பினார். முழங்கை விலகியது, பாதத்தில் எலும்பு முறிந்தது.

அவர் புதியவரல்ல. தேர்ந்தவருக்கும் கவனம் பிசகும். ஆகவேதான் இன்று பயிற்சியாளர்கள் ஒரு விதியைச் சொல்லித் தருகிறார்கள்: தரையை விட்டுக் கால் எடுக்கும் முன் இருவரும் ஒருவரையொருவர் சோதிக்க வேண்டும். கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, கையாலும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

எவற்றைப் பார்ப்பது? இருவரின் இடுப்புப் பட்டியும் இறுக்கமாக உள்ளதா? ஏறுபவரின் முடிச்சு முழுமையாக உள்ளதா? கயிறு, பிடிப்பவரின் நிறுத்துக் கருவிக்குள் சரியாகச் செல்கிறதா? அதன் வளையம் பூட்டப்பட்டுள்ளதா? கயிற்றின் மறுமுனையிலும் முடிச்சுப் போட்டுள்ளதா? கயிறு நீளம் போதாமல் முனை கருவிக்குள்ளால் நழுவி, இறங்குபவர் விழுந்த விபத்துகள் பல உண்டு.

தலைக்கவசம் இருவருக்கும் வேண்டும். மேலிருந்து கல் விழலாம். கூந்தலையும் சால்வையையும் இறுக்கிக் கட்டுங்கள், கருவியில் சிக்கும். மோதிரத்தைக் கழற்றுங்கள். "ஏறுகிறேன்", "இறுக்கு", "இறக்கு" என்ற சொற்களை முன்பே பேசி வையுங்கள். கயிற்றை நிறுத்தும் கையை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. இவற்றையெல்லாம் பயிற்சி பெற்றவரிடமே பழக வேண்டும். வாசித்து மட்டும் ஏறக்கூடாது.

இன்னொன்று, திரும்பி வரும் துணிவு. நம் நாட்டின் ஜயந்தி குரு உதும்பால பெண்கள் உரிமைக்காகப் பாடுபட்டவர். 2016 மே 21 அன்று எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையர் அவரே. அவருடன் அந்தப் பயணத்தில் சென்ற யொஹான் பீரிஸ், ஒட்சிசன் பிரச்சினையால் சுமார் 8,400 மீற்றரிலிருந்து திரும்பினார். 2018 மே மாதம் மறுபடி போய் உச்சியைத் தொட்டார். அன்று திரும்பியிராவிட்டால் இந்த இரண்டாம் பயணம் ஏது?

"என்னை நம்பவில்லையா?" என்ற கேள்வி நம் வாயைப் பலமுறை அடைத்திருக்கிறது. கணவரோ, அண்ணனோ, மேலதிகாரியோ கேட்டால் மௌனமாகி விடுகிறோம். போரில் பலவற்றை இழந்த நமக்கு, மிஞ்சிய உறவையும் கோபப்படுத்தப் பயம். லின் ஹில்லின் கயிற்றை அன்று பிடித்திருந்தவர் அவர் கணவர்தான். அன்பில் குறைவில்லை, முடிச்சைத்தான் யாரும் பார்க்கவில்லை.

சோதிப்பது சந்தேகமல்ல, அக்கறை. உங்கள் முடிச்சையும் பார்க்கச் சொல்லுங்கள். மற்றவருடையதைப் பார்க்கவும் கேளுங்கள். கேட்டதற்காகக் கோபிப்பவருடன் ஏறாதீர்கள். "எனக்குப் பயமாக இருக்கிறது, இறக்குங்கள்" என்றால் காரணம் கேளாமல் இறக்குபவரே நல்ல துணை.

அடுத்த மாதம் சந்திப்போம்.