ஏரியை இடம் மாற்ற முடியாது

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறிய மசோதாக்களில் இரண்டை மக்கள் மறந்துவிடக் கூடாது. ஒன்று, தொழிற்சாலைகளில் வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழிவிட்ட திருத்த மசோதா. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. திரும்பப் பெறப்படுவதாக மே தினத்தன்று முதலமைச்சர் அறிவித்தார். மற்றொன்று, சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு மசோதா. அது விவாதம் ஏதுமின்றி நிறைவேறியது, ஆகஸ்டில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது, 2024 அக்டோபரில் நடைமுறைக்கும் வந்தது. தொழிலாளியின் எட்டு மணி நேரத்துக்குக் குரல் கொடுக்க ஆள் இருந்தது. ஊர் ஏரிக்கு அன்று பேரவைக்குள் ஆள் இல்லை.

நில ஒருங்கிணைப்புச் சட்டம் சொல்வது இதுதான்: 100 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் ஒரு பெருந்திட்டம் வருகிறது, அதற்குள் ஏரியோ ஓடையோ வாய்க்காலோ இருக்கிறது என்றால், அதை அரசு ‘சிறப்புத் திட்டம்’ என்று அறிவிக்கலாம். திட்டத்தை நடத்துபவர் நிலத்தை ஒருங்கிணைக்கும் வரைவைக் கொடுப்பார். நிபுணர் குழு ஆராயும். உள்ளே சிக்கிய அரசு நிலத்துக்கு ஈடாக வேறு நிலம் பெறப்படும். நீர்நிலையின் கொள்ளளவும் பரப்பும் குறையக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. இந்த நிபந்தனையைக் காட்டித்தான் சட்டத்தை ஆதரிப்பவர்கள், கவலை வேண்டாம் என்கிறார்கள்.

கவலைப்படத்தான் வேண்டும். ஏரி என்பது வெறும் பரப்பளவு அல்ல. மழைநீர் சரிந்து வந்து கூடும் இடம் பார்த்து, அதன் குறுக்கே கரை எழுப்பியவர்கள் நம் முன்னோர். வரத்துக்கால் வழியே உள்வாய்க்கு நீர் வருகிறது. மதகு வழியே ஆயக்கட்டுக்குப் போகிறது. மிஞ்சியது கலிங்கைத் தாண்டி அடுத்த ஊர் ஏரிக்கு இறங்குகிறது. மேலே உள்ள ஏரியின் உபரிநீர்தான் கீழே உள்ள ஏரியின் வரத்து. ஒன்றை நகர்த்தினால் கீழுள்ள அத்தனை ஊர்களின் கணக்கும் தவறும். அரை மைல் தள்ளி மேட்டு நிலத்தில் அதே பரப்புக்குக் குழி தோண்டிவிட்டு, கொள்ளளவு குறையவில்லை என்று காகிதத்தில் எழுதலாம். அந்தக் குழிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடி வருவதன் அடிப்படையும் இதுவே. ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் எடுக்கத் திட்டமிடப்பட்ட அந்த நிலப்பரப்பில் ஏரிகளும் குளங்களும் இருக்கின்றன. ஊர் ஊராக ஏரிகளை நிரப்பிச் செல்லும் கம்பன் கால்வாயும் அதன் வழியாகத்தான் ஓடுகிறது. அந்தத் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். ஆனால் இத்தகைய திட்டங்களுக்குள் இருக்கும் நீர்நிலைகளை நிர்வாக உத்தரவால் கையாள ஒரு பொதுவான வாசலைத் திறந்துவைத்திருப்பது அடுத்த தலைமுறைக்கு நாம் செய்யும் துரோகம்.

சென்னையில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை நிற்பது உலகனேரி கண்மாயில். ஏழைகளின் குடிசைகளை ஆக்கிரமிப்பு என்று இடிக்கிற அரசு, தானே எத்தனை ஏரிகளை விழுங்கியது என்ற கணக்கை இதுவரை பேரவையில் வைத்ததில்லை. 2007இல் இயற்றப்பட்ட ஏரிகள் பாதுகாப்புச் சட்டம்கூட பொதுப்பணித் துறையின் ஏரிகளோடு நின்றுவிட்டது. 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள ஆயிரக்கணக்கான ஊராட்சி ஒன்றிய ஏரிகள் அதன் பாதுகாப்புக்கு வெளியே நிற்கின்றன. சட்டம் இயற்ற வேண்டிய இடம் அங்கே இருந்தது.

நிதிநிலை அறிக்கையிலும் இதே கோணல்தான். சுற்றுச்சூழல் துறையில் நல்ல காரியங்கள் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களான ராம்சார் தலங்களின் பட்டியலில் ஒரு காலத்தில் கோடியக்கரை ஒன்று மட்டுமே இருந்த தமிழ்நாட்டுக்கு இன்று 20 இடங்கள். நாட்டிலேயே இதுதான் அதிகம். பாக் விரிகுடாவில் 2022இல் அறிவிக்கப்பட்ட கடற்பசுப் பாதுகாப்பகம் 448 சதுர கிலோமீட்டர். கடற்கரையை மீட்க 1,675 கோடி ரூபாயில் நெய்தல் மீட்சி இயக்கம். இவை பாராட்டுக்குரியவை. ஆனால் அறிவிப்புக்குக் கிடைக்கும் கைத்தட்டல் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை. ஒரு மதகின் பலகையை மாற்றவும், வரத்துக்காலில் மண்டிய சீமைக் கருவேலத்தை வேரோடு எடுக்கவும், ஐப்பசிக்கு முன் கரையைப் பலப்படுத்தவும் ஆண்டுதோறும் தவறாமல் வரும் சிறு தொகைதான் ஏரியைக் காக்கும். அந்தத் தொகைக்குத் தனித் தலைப்பு வேண்டும். நீர்வளம், ஊரக வளர்ச்சி, வருவாய், நகராட்சி, சுற்றுச்சூழல் என்று ஐந்து துறைகளின் மானியக் கோரிக்கைகளில் அது சிதறிக் கிடக்கும்வரை எந்த உறுப்பினராலும் கணக்குக் கேட்க முடியாது.

எங்களால் என்ன செய்ய முடியும் என்று சட்டமன்ற உறுப்பினர்கள் கைவிரிக்க இடமில்லை. தொகுதி மேம்பாட்டு நிதியாக ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 பேரிடமும் தொகுதியின் முக்கியமான 10 கோரிக்கைகளைக் கேட்டு எழுதினார். அந்தப் பத்தில் ஒன்றாவது வரத்துக்கால் மீட்பாக இருந்ததா என்பதை ஒவ்வொரு தொகுதி வாக்காளரும் கேட்க உரிமை உண்டு. பேரவைக்கு மனமிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அரிட்டாபட்டி சான்று. அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஒன்றிய அரசு விட்ட ஏலத்தை எதிர்த்து 2024 டிசம்பர் 9 அன்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். மேலூர் வட்டார மக்கள் மதுரை நோக்கிப் பேரணியாகத் திரண்டார்கள். அடுத்த மாதமே ஏலம் ரத்தானது. தில்லியின் ஏலத்தை எதிர்த்து எழுந்த அதே குரல், சென்னையில் இயற்றிய சட்டத்தின் முன் ஏன் அடங்கியது?

இன்னொரு குறை அவை நடைமுறையிலேயே இருக்கிறது. கேரள சட்டமன்றத்தில் 1980 முதல் துறைவாரியான குழுக்கள் இயங்குகின்றன. மசோதாக்களும் மானியக் கோரிக்கைகளும் அவற்றின் பார்வைக்குப் போகின்றன. இங்கே கூட்டத்தொடரின் கடைசி நாளில் மசோதாக்கள் குவிகின்றன, குரல் வாக்கெடுப்பில் கரைகின்றன. நீரையும் நிலத்தையும் தொடும் எந்த மசோதாவும் தெரிவுக் குழுவுக்குப் போகாமல் நிறைவேறக் கூடாது. விவசாயிகளும் மீனவர்களும் அந்தக் குழுவின் முன் வந்து பேச வேண்டும்.

அடுத்த கூட்டத்தொடரில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பாராமல் உறுப்பினர்கள் செய்ய வேண்டியது தெளிவு. நில ஒருங்கிணைப்புச் சட்டத்தை நீக்கும் மசோதாவை அரசு கொண்டுவர வேண்டும். அரசு தயங்கினால் தனிநபர் மசோதாவாக ஓர் உறுப்பினர் கொண்டுவரட்டும். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு ஊராட்சி ஒன்றிய ஏரிகளுக்கும் ஊருணிகளுக்கும் விரிய வேண்டும். உங்கள் உறுப்பினர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, 2023 ஏப்ரலில் நிறைவேறிய இந்தச் சட்டம் நீடிக்க வேண்டுமா, நீக்கப்பட வேண்டுமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.