6 கிலோமீட்டர், 15 மணி நேரம்

உட்லண்ட்ஸில் எங்கள் வீடு 11வது மாடியில் இருக்கிறது. சமையலறைச் சன்னலைத் திறந்தால் ஜோகூர் பாருவின் உயரமான கட்டடங்கள் தெரியும். அந்தக் கட்டடங்களுக்குச் சற்றுத் தள்ளித்தான் அம்மாவின் வீடு. நேர்க்கோடு போட்டுப் பார்த்தால் 6 கிலோமீட்டர் இருக்கும். 2021 டிசம்பரில் அந்த 6 கிலோமீட்டரைக் கடக்க நான் விமானம் ஏறினேன்.

“ஜோகூருக்கு விமானமா?” என்று சிரிக்காதீர்கள். அப்போது எனக்கு இருந்த வழி அது ஒன்றுதான்.

2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. இரண்டு வாரம்தான் என்றார்கள். நாள்தோறும் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் கடந்துகொண்டிருந்த எல்லை அன்றோடு அடங்கியது. 1942ல் ஜப்பானியப் படை நெருங்கியபோது பிரிட்டிஷார் கடற்பாலத்தை வெடிவைத்து உடைத்துவிட்டுச் சிங்கப்பூருக்குள் பின்வாங்கினார்கள் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அந்த உடைப்பைக்கூட ஜப்பானியர்கள் சில வாரங்களில் சரிசெய்துவிட்டார்கள். இந்த முறை பாலத்தில் ஒரு கல்கூடப் பெயரவில்லை. ஆனால் 20 மாதம் எங்களால் சாதாரணமாகப் போய்வர முடியவில்லை.

சரக்கு மட்டும் நிற்கவில்லை. காய்கறி லாரிகள் வந்தன, முட்டை வந்தது, கோழி வந்தது. அம்மா ஒருநாள் தொலைபேசியில் கேட்டார்: “ஏன் ஐயா, கோழிக்கெல்லாம் பெர்மிட் குடுக்கிறானுங்க, உனக்குக் குடுக்க மாட்டானுங்களா?” என்னிடம் பதில் இல்லை. கோழி திரும்பிப் போவதில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்த 20 மாதத்தின் நடுவில், 2020 செப்டம்பரில், அப்பா காலமானார். இரவு பத்து மணிக்கு அக்கா அழைத்துச் சொன்னார். மறுநாள் பிற்பகல் தகனம். நான் அங்கே போய் இறங்கினால் தனிமைப்படுத்தலுக்கே இரண்டு வாரம். அதன் பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கும்? கைப்பேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். கொள்ளி வைக்க வேண்டியவன் நான். அக்காள் மகன் வைத்தான். சரியாக அந்த நேரத்தில் படம் உறைந்துபோனது. மறுபடி தெளிந்தபோது எல்லாரும் திரும்பி நடந்துகொண்டிருந்தார்கள்.

2021 நவம்பர் 29ஆம் தேதி, தடுப்பூசி போட்டுக்கொண்டோருக்கான சிறப்புப் பயணத்தடம் தொடங்கியது. தரைவழியாகப் பேருந்து, வான்வழியாகச் சாங்கியிலிருந்து கோலாலம்பூர். பேருந்தில் ஒரு திசைக்கு ஒரு நாளைக்கு 1,440 பேர். மூன்று லட்சம் பேர் எங்கே, 1,440 பேர் எங்கே! அந்த இருக்கைகளும் முதல் கட்டத்தில் அவரவர் நாட்டுக்குத் திரும்புவோருக்குத்தான். மலேசியக் குடியுரிமையோ நிரந்தரவாசமோ நீண்டகால அனுமதியோ இருந்தால்தான் இங்கிருந்து பேருந்தில் அங்கே போகலாம். நான் ஜோகூரில் பிறந்தவன். ஆனால் சிங்கப்பூர்க் குடிமகனாகிப் பல வருடம் ஆகிவிட்டது. பிறந்த ஊர் எனக்கு வெளிநாடு. வெளிநாட்டுக்காரன் விமானத்தில் போகலாம் என்றார்கள். டிசம்பர் 20 முதல் சிங்கப்பூரர்களும் பேருந்தில் போகலாம் என்று ஆனது. ஆனால் ஓமிக்ரான் என்ற பெயர் வந்துவிட்ட நேரம் அது. எது எப்போது மூடும் என்று தெரியாது. நான் காத்திருக்கவில்லை.

தாள்களைச் சேர்க்கத் தொடங்கினேன். நுழைவு அனுமதிக் கடிதம், தடுப்பூசிச் சான்றிதழ், பயணக் காப்புறுதி, புறப்படுவதற்கு இரண்டு நாளுக்குள் எடுத்த பரிசோதனை முடிவு, சிறப்புப் பயணத்தடத்து விமானச் சீட்டு, இரண்டு நாட்டுச் செயலிகள். பரிசோதனைக் கட்டணங்களை எல்லாம் கூட்டினால் இன்னொரு சீட்டே வாங்கியிருக்கலாம். செலவை நினைத்து மனைவியையும் மகளையும் விட்டுவிட்டுத் தனியாகவே கிளம்பினேன்.

இதில் நம்மவர்களுக்கு மட்டும் ஒரு தனித் தொல்லை உண்டு. என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ‘ஏ/எல்’ இருக்கிறது. மலாயில் ‘அனாக் லெலாகி’, இன்னாரின் மகன் என்று பொருள். இணையப் படிவம் அந்தச் சாய்கோட்டை ஏற்கவில்லை. ‘தவறான குறியீடு’ என்று சிவப்பு எழுத்தில் வந்தது. கோட்டை எடுத்தேன், ‘ஏஎல்’ என்று ஒட்டிக்கொண்டது. இன்னொரு படிவத்தில் அதையும் எடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் கடவுச்சீட்டில் ஒரு பெயர், அனுமதிக் கடிதத்தில் ஒரு பெயர், தடுப்பூசிச் சான்றிதழில் ஒரு பெயர். மூன்றும் நான்தான். ஆனால் அதை யாராவது நம்ப வேண்டுமே.

காலை ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். சாங்கியில் கூட்டமே இல்லை. அவ்வளவு பெரிய இடம் அத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. முகப்பில் இருந்த இளம்பெண் என் மூன்று தாள்களையும் வரிசையாகப் பரப்பினார். “சார், பெயர் ஒத்துப்போகவில்லையே” என்றார். விளக்கினேன். அவர் யாருக்கோ தொலைபேசி செய்தார். காத்திருக்கச் சொன்னார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், முப்பது நிமிடம். எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாம் முன்னால் போய்விட்டார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு வந்தது கோபம் அல்ல, பயம். அப்பாவுக்கு மகன் என்று காட்டும் அந்த ஒரு கோட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். மகன் என்பதற்கு வேறு அத்தாட்சியும் என்னிடம் இல்லை. கொள்ளிகூட நான் வைக்கவில்லையே.

நாற்பது நிமிடம் கழித்து மேற்பார்வையாளர் வந்தார், தமிழர். தாள்களை ஒரு பார்வை பார்த்தார். “அண்ணே, என் பேர்லயும் இந்தக் கோடு இருக்கு. போன வாரம் எங்க வீட்டிலயே இதே கதைதான்” என்று சொல்லிவிட்டு, கணினியில் எதையோ தட்டி, இருக்கை அட்டையை நீட்டினார். நன்றி சொல்வதற்குள் அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார்.

விமானம் பறந்தது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. கோலாலம்பூரில் இறங்கியதும் மறுபடியும் மூக்கில் குச்சி. முடிவு வரும்வரை வெளியே போகக்கூடாது. இடைவெளி விட்டுப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்தோம். பக்கத்து வரிசையில் ஒரு பெரியவர் பொட்டலத்தைப் பிரிக்கவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தார். முகக்கவசத்தைக் கழற்றினால் யாராவது திட்டுவார்களோ என்று கடைசிவரை அவர் சாப்பிடவே இல்லை. ஒவ்வொரு முறை ஊழியர் பெயர் வாசிக்க வந்தபோதும் எல்லார் தலையும் நிமிர்ந்தது. தொற்று இருக்கிறது என்று வந்துவிட்டால் அம்மாவைப் பார்ப்பது இருக்கட்டும், தெரியாத ஊரில் தனிமைப்படுத்தல். பிற்பகல் மூன்று மணிக்கு என் முடிவு வந்தது. தொற்று இல்லை.

அக்காள் மகன் காரோடு வெளியே நின்றான். அவன்தான் எனக்குப் பதிலாகக் கொள்ளி வைத்தவன். கட்டிப்பிடிக்கலாமா கூடாதா என்று இருவருக்கும் தெரியவில்லை. முழங்கையை இடித்துக்கொண்டோம். மாநிலம் விட்டு மாநிலம் போக அக்டோபர் 11ஆம் தேதியிலிருந்துதான் அங்கே அனுமதி. அதற்கு முன் வந்திருந்தால் இவனால் என்னை அழைத்துப்போக வரவும் முடிந்திருக்காது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே இறங்கினோம். விமானத்தில் எந்தத் தூரத்தைத் தாண்டி வந்தேனோ, அதே தூரத்தைக் காரில் திரும்பிக் கடந்தேன். மாச்சாப் ஓய்வுத்தலத்தில் ஒரு தே தாரிக். அதற்கு மேல் எங்கும் நிற்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லையை மூடியது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. 2021 ஜூலையில் மலேசியாவில் ஒரு நாள் தொற்று எண்ணிக்கை 10,000ஐத் தாண்டியது. மூடாமல் என்ன செய்ய முடியும்? என்னைவிடக் கஷ்டப்பட்டவர்கள் ஏராளம். எங்கள் அலுவலகப் பாதுகாவலர் ஜோகூர்க்காரர். வேலையை விடக்கூடாது என்று வந்தவர், வாடகை அறையிலேயே தங்கிவிட்டார். 90 நாள் வேலை செய்தால் வீட்டுக்குப் போய்வரலாம் என்று ஓர் ஏற்பாடு வந்தது. போனால் அங்கே தனிமைப்படுத்தல், வந்தால் இங்கே தனிமைப்படுத்தல். “விடுப்பு முழுக்க அறைக்குள்ளயே போயிடும் சார்” என்று அவர் போகவே இல்லை. அவருடைய மகள் நடக்கப் பழகியதைத் திரையில்தான் பார்த்தார்.

எனக்கு உறுத்தியது வேறு. காரில் வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாலம் திறந்திருந்த காலத்தில் நான் எத்தனை முறை போனேன்? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இருக்கலாம். அப்பா சனிக்கிழமை காலையில் அழைப்பார். “வர்றியாப்பா?” என்பார். “ஜாம்ப்பா, மூணு மணி நேரம் ஆகுமாம்” என்பேன். பாதி நாள் ஜாம் இருக்கிறதா என்று நான் பார்த்ததுகூட இல்லை. சோபாவில் படுத்தபடியே சொன்ன ஜாம் அது. “சரிப்பா, அடுத்த வாரம் பாப்போம்” என்று அப்பா வைத்துவிடுவார். நம்பினாரா என்று இனிமேல் கேட்க முடியாது.

இரவு எட்டு மணிக்கு வீட்டு வாசலில் இறங்கினேன். ஐந்து மணிக்குக் கிளம்பியவன், 15 மணி நேரம். அம்மா கேட்டுக்கு உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். நான் முகக்கவசத்தோடு இரண்டடி தள்ளியே நின்றேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏன் ஐயா இவ்ளோ நேரம்? பாலத்துல ஜாமா?”

விளையாட்டுக்குக் கேட்டாரா, உண்மையிலேயே அப்படி நினைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. “ஆமாம்மா, கொஞ்சம் பெரிய ஜாம்” என்றேன். அதற்கு மேல் பேச வரவில்லை.

ஐந்து நாள் இருந்தேன். அப்பா காலையில் நடக்கப் போகும் ஸ்துலாங் கடற்கரைக்கு அம்மாவை அழைத்துப்போனேன். அங்கிருந்து பார்த்தால் உட்லண்ட்ஸ் வீடுகள் தெரியும். “உங்கப்பா இங்க நின்னு, இதுல ஒண்ணுதான் அவன் வீடும்பாரு” என்றார் அம்மா. திரும்பும்போது மறுபடி கோலாலம்பூர், மறுபடி குச்சி, சாங்கியில் ஒரு குச்சி, வீட்டில் ஏழு நாளைக்குத் தினம் ஒரு குச்சி. நான் வந்த சில நாளில், டிசம்பர் 23 முதல் சிறப்புப் பயணத்தடத்துக்குப் புதிய சீட்டு விற்பனையையும் நிறுத்திவைத்தார்கள்.

2022 ஏப்ரல் 1ஆம் தேதி கடற்பாலம் திறந்தது. தடுப்பூசி முழுமையாகப் போட்டவர்களுக்குப் பரிசோதனையும் இல்லை, தனிமையும் இல்லை. முதல் மூன்று வாரமும் போனோம். நான்காவது சனிக்கிழமை கைப்பேசியில் சாலை நிலவரம் பார்த்தேன். பாலம் முழுக்கச் சிவப்பு. கார் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.

“அம்மா போன் பண்ணா என்ன சொல்லப்போறீங்க?” என்றார் மனைவி.

சாவியை எடுத்தேன். மூன்று மணி நேரம் ஆனது. உண்மையிலேயே ஜாம்தான். அம்மா அதைப் பற்றிக் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்டார்.