டிரெய்லர் விளக்கு மக்கர் செய்தால் எங்கிருந்து பார்ப்பது?

கேள்வி: ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ டிரெய்லர், கொக்கி மாற்றி டிராக்டருக்குப் பயன்படுத்தப்படுகிறது. பின் விளக்கு மங்கலாக எரிகிறது. பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து லேசாக எரிகிறது. வீட்டு வாசலில் சரியாக இருப்பது ரோட்டில் போனால் விட்டுவிட்டு எரிகிறது. இரண்டு முறை ஒயர் முழுவதையும் மாற்றியும் பலன் இல்லை. கரும்பு வெட்டு தொடங்கிவிட்டதால் இரவில் ஆலைக்குப் போக வேண்டியிருக்கிறது. என்ன செய்வது? (வாசகர், கடலூர் மாவட்டம்)

பதில்: இந்தக் குறைகள் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒயர் முழுவதையும் மாற்றுவதற்கு முன்னால், குறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதே முறை. இதற்கு ஒரு 12 வோல்ட் பல்பு, ஒரு ஹோல்டர், இரண்டு முழம் ஒயர், ஒரு உப்புத்தாள் இருந்தால் போதும். பல்பின் இரு முனையிலும் ஒயர் இணைத்துவிட்டால் அதுதான் டெஸ்ட் லேம்ப்.

வேலை தொடங்கும் முன் இன்ஜினை நிறுத்தி, டிரெய்லர் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் அணை கொடுக்க வேண்டும். வைக்கோல், சோகை ஏற்றிய வண்டியில் ஒயர் வேலை கூடவே கூடாது.

முதலில் பல்பைப் பாருங்கள்

ராணுவ வண்டிகள் பலவற்றில் 24 வோல்ட் மின்சாரம். டிராக்டரில் இருப்பதோ 12 வோல்ட். பழைய பல்பை அப்படியே விட்டுவிட்டால் அது எரியும். ஆனால் தர வேண்டிய ஒளியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தரும். பக்கத்தில் நின்று பார்த்தால் எரிவது போலத் தெரியும். பின்னால் வரும் பைக்காரருக்குத் தெரியாது. பல்பின் பித்தளை அடியில் வோல்ட்டும் வாட்டும் பொறித்திருக்கும். பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் 12 வோல்ட் 21 வாட், டெயில் லைட்டுக்கு 12 வோல்ட் 5 வாட் என்று இருக்க வேண்டும். எல்.இ.டி. விளக்காக இருந்தாலும் 12 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா எனப் பார்த்தே வாங்க வேண்டும். 24 வோல்ட்டுக்கு மட்டும் செய்த எல்.இ.டி. 12 வோல்ட்டில் எரியாமலே போகலாம்.

இன்னொன்று. ராணுவ டிரெய்லரில் சிறிய பிளவு வழியாக மட்டும் ஒளி வரும் விளக்கு சிலவற்றில் இருக்கும். எதிரி விமானத்துக்குத் தெரியாமல் வரிசையாகப் போவதற்காகச் செய்தது அது. அதன் வேலையே அதிகம் தெரியாமல் இருப்பதுதான். அதைக் கழற்றிவிட்டு, சாதாரண டிரெய்லர் விளக்கைப் பொருத்துவதே நல்லது.

பிளக்கில் முள் வரிசை

7 முள் பிளக் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைப்பது வழக்கம். 12 வோல்ட் முறையில் ஒரு வரிசை, 24 வோல்ட் முறையில் வேறு வரிசை. 12 வோல்ட் முறையில் 1 இடது இண்டிகேட்டர், 3 எர்த், 4 வலது இண்டிகேட்டர், 5 வலது டெயில், 6 பிரேக், 7 இடது டெயில். 24 வோல்ட் முறையில் 1 எர்த், 2 இடது டெயில், 3 இடது இண்டிகேட்டர், 4 பிரேக், 5 வலது இண்டிகேட்டர், 6 வலது டெயில். எண்கள் பிளக்கிலேயே சிறியதாகப் பொறித்திருக்கும்.

டிரெய்லரில் பழைய 24 வோல்ட் வரிசையே இருந்தால் அடையாளம் எளிது. வலது இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் மின்னும். பிரேக் மிதித்தால் வலது டெயில் லைட் எரியும். இடது இண்டிகேட்டர் போட்டதும் ஃபியூஸ் போகலாம். இப்படி இருந்தால் விளக்கையோ ஒயரையோ தொட வேண்டாம். பிளக்கைத் திறந்து முள் வரிசையை மாற்றினால் போதும். கைமாறி வந்த வண்டியில் ஒயரின் நிறத்தை நம்பக்கூடாது. கையில் கிடைத்த நிறத்தில் ஒயர் போட்டிருப்பார்கள்.

டிராக்டரா, டிரெய்லரா?

பிளக்கைக் கழற்றி, டிராக்டரின் சாக்கெட்டை மட்டும் முதலில் சோதிக்க வேண்டும். டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை 3-ஆம் துளையில் வைத்து, மறு முனையை மற்றத் துளைகளில் ஒவ்வொன்றாக வையுங்கள். சாவியைத் திருப்பி வைத்து, ஒருவர் மேலே உட்கார்ந்து விளக்கு, இண்டிகேட்டர், பிரேக் என்று போட்டுக் காட்ட வேண்டும். எல்லாம் பளிச்சென்று எரிந்தால் டிராக்டர் சரி. 3-ஆம் துளையில் வைத்தால் எரியவில்லை, டிராக்டரின் இரும்பில் வைத்தால் எரிகிறது என்றால் சாக்கெட்டின் எர்த் போய்விட்டது.

அடுத்து டிரெய்லரை டிராக்டரிலிருந்து கழற்றி விட்டு, ஒரு 12 வோல்ட் பேட்டரியில் சோதிக்கலாம். பைக் பேட்டரியே போதும். நெகட்டிவை 3-ஆம் முள்ளுக்கும், பாசிட்டிவை 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக மற்ற முட்களுக்கும் ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். கொக்கியை விடுவித்துவிட்டுச் செய்வது முக்கியம். மாட்டியபடியே சோதித்தால் கொக்கி வழியாக எர்த் கிடைத்து, இல்லாத எர்த்தும் இருப்பது போலக் காட்டும்.

எர்த்தே பெரும்பாலும் குற்றவாளி

கடலூர் வாசகர் சொல்லும் இரண்டு அறிகுறிகள் எர்த்தையே காட்டுகின்றன. வயலில் வடிகால் அடைபட்டால் தண்ணீர் பக்கத்து வயலில் ஏறும் அல்லவா? மின்சாரமும் அப்படித்தான். பிரேக் பல்புக்குள் போன மின்சாரம் எர்த் வழியாகத் திரும்ப முடியாவிட்டால், அதே விளக்குப் பெட்டியில் உள்ள அடுத்த பல்பு வழியாகப் போக வழி தேடும். அதனால்தான் பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது.

ரோட்டில் விட்டுவிட்டு எரிவதற்கும் இதுவே காரணம். எர்த் ஒயர் இல்லாமல், கொக்கியும் பின்னும் உரசுவதிலேயே எர்த் கிடைத்துக்கொண்டிருக்கும். நிற்கும்போது இரும்பு அழுந்தியிருக்கும், ஓடும்போது குலுங்கும். கிரீஸ், மண், துரு மூன்றும் நடுவில் இருக்கும்.

உறுதி செய்ய, பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு ஒயரை எடுத்து விளக்கின் எர்த் முனையில் நேராகத் தொடுங்கள். உடனே பளிச்சென்று எரிந்தால் சந்தேகமே வேண்டாம். பிளக்கின் 3-ஆம் முள்ளிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்றை இரண்டு விளக்குக்கும் தனியாக இழுத்து, சேஸிலும் ஓரிடத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள். எல்லா விளக்கின் மின்சாரமும் இந்த ஒரு ஒயரில்தான் திரும்புகிறது. அதனால் இது மெலிந்ததாக இருக்கக்கூடாது. போல்ட் போடும் இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் இரும்பு மின்னும்வரை தேய்க்க வேண்டும். ராணுவ டிரெய்லரில் பல கை பெயின்ட் அடித்திருப்பார்கள். அதன் மேல் போல்ட் போட்டால் எர்த் கிடைக்காது. இறுக்கிய பின் மேலே வாசலின் தடவினால் துரு பிடிக்காது.

ஃபியூஸில் கைவைக்க வேண்டாம்

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவது பல ஊர்களில் நடக்கிறது. ஃபியூஸ் போவது எங்கோ ஒயர் இரும்பைத் தொடுகிறது என்பதன் அறிகுறி. கம்பி சுற்றினால் ஃபியூஸுக்குப் பதில் ஒயர் சூடாகி எரியும். மேலே இருப்பது காய்ந்த சோகையும் வைக்கோலும். டிப்பர் தூக்கும் கீல், கொக்கி அருகில் வளையும் இடம், சேஸ் துளை, எலி கடித்த இடம் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். ஒயரைக் குழாய்க்குள் விட்டு, துளைகளில் ரப்பர் வளையம் போட்டு, கொக்கி அருகில் திரும்பும் அளவுக்குத் தளர்வு விட்டுக் கட்டினால் பல வருடம் வரும்.

விளக்கு போனாலும் தெரிய வேண்டும்

எவ்வளவு சரியாகச் செய்தாலும் நடு ரோட்டில் ஒரு பல்பு போகலாம். அதனால் ஒளி பிரதிபலிக்கும் பட்டையைப் பின்னால் சிவப்பு, பக்கங்களில் மஞ்சள், முன்னால் வெள்ளை என்று ஒட்ட வேண்டும். கரும்பு பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் பட்டையும் விளக்கும் மறைந்துவிடும். நீட்டாமல் ஏற்றுவதே பாதுகாப்பு. பட்டையில் மண் ஒட்டினால் ஈரத் துணியால் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஏலத்தில் வாங்கி மாற்றிய டிரெய்லருக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறையான பதிவும், மாற்றத்துக்கான அனுமதியும் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு இல்லாத வண்டியில் விபத்து நடந்தால் இழப்பீட்டுச் சுமை குடும்பத்தின் தலையில் விழக்கூடும்.

ஆலைக்குக் கிளம்பும் ஒவ்வொரு மாலையும் ஒருவர் பின்னால் இருபது அடி தள்ளி நின்று டெயில், பிரேக், இரண்டு இண்டிகேட்டர் ஆகியவற்றைப் பார்த்துச் சொல்லட்டும். ஒரு நிமிட வேலை. நின்றுபோன டிராக்டரின் பின்னால் பைக்கில் வருகிறவர் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரராகத்தான் இருப்பார்.