ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகுதா? காரணத்தைப் பிடிங்க!

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி மாவட்டம் மத்தூர் வழியாக ராத்திரியில் லோடு அடிக்கும் டீசல் பிக்கப்களுக்கு, டெயில் லைட் ஃபியூஸ் போவது பெரிய ஆபத்து. பின்னால் வெளிச்சம் இல்லாத வண்டி, வேகமாக வரும் லாரி டிரைவரின் கண்ணில் படாது.

அவசரத்துக்கு 10 ஆம்ப் இருந்த இடத்தில் 20 ஆம்ப் ஃபியூஸையோ கம்பித் துண்டையோ சொருகிவிட்டுக் கிளம்புகிறவர்கள் உண்டு. ஃபியூஸ் உருகாவிட்டால் வொயர் உருகும், வண்டியே தீப்பிடிக்கலாம்.

ஃபியூஸ் எப்போது போகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

● சுவிட்ச் போட்டதுமே போனால், ஷார்ட் சர்க்யூட்.

● பள்ளத்தில் குலுங்கும்போது போனால், எங்கோ சேசிஸில் உரசித் தோல் உரிந்த வொயர்.

● சில நிமிடங்கள் கழித்துப் போனால், ஓவர்லோடு. கூடுதலாக மாட்டிய லைட்டுகளை முதலில் கழற்றிப் பாருங்கள்.

டெயில் லைட் லைனில் ஷார்ட் என்றால், புதுப்புது ஃபியூஸ்களை வீணாக்க வேண்டாம். ஃபியூஸ் இருந்த இடத்தில் 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இணைத்து சுவிட்சைப் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. அந்த லைனின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது பல்பு மங்குகிறதோ, பழுது அந்தப் பக்கம்தான். கேபினிலிருந்து லோடு பாடிக்குப் போகும் வொயரையும் பின் கதவு ஓரத்தையும் முதலில் பாருங்கள்.

வொயரில் கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். புது ஃபியூஸ் போடும்போது, ஃபியூஸ் பாக்ஸ் மூடியில் குறித்திருக்கும் ஆம்ப் அளவைத் தாண்டவே தாண்டாதீர்கள்!