கேள்வி – பதில்: சீட்டில் இரும்பு இருக்கு, கடலை ஏன் மஞ்சளாகுது?

கேள்வி: ஒன்றரை ஏக்கரில் நிலக்கடலை போட்டிருக்கிறேன். குருத்து இலை வெளுக்கிறது. தனியார் ஆய்வகத்தில் மண்ணைப் பொடியாக்கி, எந்திரத்தில் வில்லையாக அழுத்திச் சோதித்தார்கள். இரும்பு 3 சதவீதம் இருக்கிறதாம். பிறகு குறை எப்படி வரும்?
– திருத்தணி வாசகர்

பதில்: சீட்டும் சரியாக இருக்கலாம், செடியும் பொய் சொல்லவில்லை.

லாரி ஜாக்கியைப் போல எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் எந்திரம் அது. காய வைத்து மாவாக அரைத்த மண்ணில் சிறிது மெழுகுப் பொடி சேர்த்து, அச்சில் இட்டு 15, 20 டன் அழுத்தம் கொடுப்பார்கள். நாணயம் போன்ற வில்லை கிடைக்கும். அதன்மேல் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி விடும். மேற்பரப்பின் மெல்லிய படலம் மட்டுமே அளக்கப்படுவதால், மேடுபள்ளம் இருந்தால் கணக்கு தவறும். அதற்காகத்தான் இந்த அழுத்தம்.

ஆனால் இந்தச் சோதனை காட்டுவது மண்ணில் உள்ள மொத்த இரும்பு. 3 சதவீதம் என்றால் ஒரு கிலோ மண்ணில் 30 கிராம். அதில் பெரும்பகுதி துருவைப் போலக் கரையாமல் கிடக்கும். வேர் எடுக்கக்கூடியது சில மில்லிகிராம்தான். சுண்ணாம்பு மிகுந்த, கார அமில நிலை 8-க்கு மேற்பட்ட மண்ணில் அதுவும் குறையும். பூட்டிய குதிரில் நெல் இருந்தும் பசியோடு இருக்கும் கதை இது.

உரம் போட உதவுவது, டி.டி.பி.ஏ. கரைசலில் பிரித்துப் பார்க்கும் 'கிடைக்கும் இரும்பு' அளவு. மண் கொடுக்கும்போது அதையும் கார அமில நிலையையும் கேளுங்கள். திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ வட்டார வேளாண் அலுவலகத்திலோ வழி கேட்கலாம்.

எந்தச் சோதனையானாலும் மாதிரி சரியாக இருக்க வேண்டும். வரப்பு, மர நிழல், எருக்குவியல் இடங்களைத் தவிருங்கள். 10, 15 இடங்களில் 'வி' வடிவக் குழி எடுத்து, மண்வெட்டி பட்ட மண்ணை மூங்கில் தப்பையால் சுரண்டித் தள்ளிவிட்டு, அரை அடி ஆழம் வரை சீராகச் செதுக்கி எடுங்கள். கலந்து, கால் பங்கீடு செய்து அரை கிலோவாக்கி, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கொடுங்கள். உரச்சாக்கு வேண்டாம்.

இப்போதைக்கு, நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புக் குறைதான். 10 லிட்டர் நீரில் 100 கிராம் அன்னபேதி, 10 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். 10 நாள் இடைவெளியில் மீண்டும் தெளிக்கலாம். வயலில் தண்ணீர் தேங்கினாலும் இப்படி வெளுக்கும். முதலில் அதை வடித்துவிடுங்கள்.