முதுமையில் பாலிசிக் கடன்

ராயகிரி வட்டாரத்தில் தறியையும் நிலத்தையும் நம்பி வாழும் நம் அங்கத்தினர்களுக்கு அறுபது வயதில் பணமுடை நேர்ந்தால், பெட்டியிலுள்ள ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிசி நினைவுக்கு வருவது இயல்பே. கந்து வட்டிக்கு வாங்குவதைவிடவும், பாலிசியைச் சரண்டர் செய்வதைவிடவும் அதன்பேரில் கடன் பெறுவது மேல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்கடனின் தன்மையை அறிந்தே கையொப்பமிட வேண்டும்.

1956 செப்டம்பர் 1-இல் தோன்றிய ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன், பாலிசியின் சரண்டர் மதிப்பைக் கொண்டே கடனைக் கணக்கிடுகிறது. பிரிமியம் நிலுவையில்லாத பாலிசிக்குப் பொதுவாக அம்மதிப்பில் 90 சதவீதம் வரை கிடைக்கும். அசலை உடனே கேட்பதில்லை. முதிர்விலோ மரணத்திலோ கழித்துக்கொள்வர். இச்சலுகையே பலரை அயர்ந்திருக்கச் செய்கிறது. கட்டாத வட்டி ஆறு மாதத்துக்கொருமுறை அசலோடு சேரும். வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்று கொண்டால், 60 வயதில் வாங்கிய 50,000 ரூபாய் 67 வயதில் ஏறத்தாழ 99,000 ரூபாயாகிவிடும்! பிரிமியமும் நின்று, கடனும் வட்டியும் சரண்டர் மதிப்பை மிஞ்சினால், பாலிசியே முடிந்துபோகும்.

கடன் வாங்குவதால் மனைவியின் பேரிலுள்ள நியமனம் ரத்தாவதில்லை. எனினும் கடன் போக மிஞ்சியதே அவர் கைக்கு வரும். ஆதலின் அவரறியாமல் வாங்குதல் முறையன்று. மருத்துவத்துக்கும் தறிக்கும் கிணற்றுக்கும் வாங்கலாம். பேரப்பிள்ளையின் காதுகுத்துக்கு வாங்கலாகாது. அறுவடைப் பணத்திலும் தீபாவளிக் கூலியிலும் வட்டியை முதலில் ஒதுக்கி, ரசீதைப் பாலிசியுடன் வைத்துவருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.